அத்தை கத்தரித்துக் கொடுத்த கடுதாசிகள்

அத்தைக்குக் காது கேட்காது. அதனால் எங்கள் குடும்பத்தில் எல்லோருடைய கையெழுத்தும் அவளிடம் இருந்தது.

அவள் என் அப்பாவின் அக்கா. இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில், நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் இயந்திரங்கள் இரைந்து ஓடும் கூடத்தில், பதினேழு வயதிலிருந்து நின்று வேலை பார்த்தவள். முதலில் வலது காது மந்தமானது. பிறகு இடது. முப்பத்தைந்து வயதுக்குள் இரண்டும் போய்விட்டன. அதன் பின் காயங்களுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி தயாரிக்கிற ஒரு சின்ன யூனிட்டில் சேர்ந்தாள். மெல்லிய வலைத்துணியை அளந்து கத்தரித்துச் சுருட்டுகிற வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாரும் அவளிடம் எழுதிக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவளோடு பேச வேண்டுமானால் எழுதித்தான் காட்ட வேண்டும். கோடு போட்ட நோட்டுத் தாள்களை மடித்து, ஒரு குட்டைப் பென்சிலோடு இடுப்பில் செருகியிருப்பாள். யாராவது வாயைத் திறந்தால், “இந்தா, எழுது” என்று நீட்டுவாள். நாம் எழுதுவோம். அவள் வாயால் பதில் சொல்வாள். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்கோயிலில், ஐயர் என்று நாங்கள் அழைக்கும் போதகர் பிரசங்கத்தின் நடுவே கண்ணை மூடி அமைதியாக நின்ற நேரத்தில், அத்தை என்னிடம் இரகசியமாகக் கேட்டாள். “இன்னும் எம்புட்டு நேரம்ட்டி பேசுவாரு?” கடைசி வரிசைவரை சிரித்தார்கள். ஐயரும் சிரித்துவிட்டு ஜெபத்தோடு முடித்துக்கொண்டார்.

எழுதிய தாள் நமக்குத் திரும்ப வராது. மடித்து இடுப்பில் செருகிக்கொள்வாள். அது பிறகு பெட்டிக்குப் போகும்.

பெட்டி என்பது தாத்தா பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கறுப்பு இரும்புப் பெட்டி. தாத்தா எல்லையிலிருந்து எழுதிய கடிதங்கள், தாத்தாவின் அப்பா தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதியவை, யாரோ ஒரு குழந்தையின் முதல் முடி, சட்டைப் பித்தளைப் பொத்தான்கள், ஞானஸ்நானச் சீட்டுகள் எல்லாம் அதில் இருந்தன. அவற்றோடு நாங்கள் அவளிடம் எழுதிக் காட்டிய தாள்களும் சேர்ந்துகொண்டன. மூத்த பிள்ளை என்பதால் பெட்டி அவளுக்கு வந்தது. வேறு யாரிடம் போயிருந்தாலும் அது கட்டிலுக்கடியில் கிடந்து துருப்பிடித்திருக்கும். அத்தை அதைப் பங்கு வைத்தாள்.

அவள் பங்கு வைத்த விதம்தான் அத்தை. அவளைப் பற்றி வேறு எதை மறந்தாலும் இதை மறக்க முடியாது.

கடுதாசி எழுதினவருக்கும் சொந்தமில்லை, வாங்கினவருக்கும் சொந்தமில்லை என்பாள். அது யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவருக்குச் சொந்தம். ஒரே கடிதத்தில் நான்கு பேரைப் பற்றி எழுதியிருந்தால்? அதற்குத்தான் அவளிடம் கத்தரிக்கோல் இருந்தது. யூனிட்டில் வலைத்துணி வெட்டுகிற நீளக் கத்தரி. வரி வரியாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாகப் பிரித்து, யூனிட்டில் கழித்துப்போட்ட பேண்டேஜ் துணியில் வைத்துச் சுருட்டுவாள். சுருளின் ஓரத்தை நூலால் தைத்து, மேலே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதுவாள். அந்தப் பெட்டியைத் திறந்தால், கட்டுப் போட்ட விரல்களை வரிசையாக அடுக்கியதுபோல் இருக்கும். சின்ன வயதில் எனக்கு அதைப் பார்க்கவே பயம்.

“நூறு வருஷத்துக் கடுதாசிய இப்பிடி நறுக்குதீங்களே” என்று சித்தப்பா ஒருமுறை கோபமாக எழுதிக் காட்டினார்.

அத்தை படித்துவிட்டுக் கத்தினாள். “முழுசா ஒருத்தன்கிட்ட குடுத்தா அவன் வீட்டுப் பெட்டிக்குள்ள போயி செத்துரும்டா. உன்னையப் பத்தி எழுதுனது உனக்குச் சேர வேண்டாமா?”

எப்போது சேரும் என்பதற்கும் ஒரு கணக்கு இருந்தது. எழுத்துக்கூட்டித் தானாகப் படிக்கத் தெரிந்தால் போதும். வயது முக்கியமில்லை. அதற்கு மேல் யாருக்கு எந்த வருடம் என்பதை அவளே முடிவு செய்வாள். வருடத்துக்கு ஒருமுறை, சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனத்தன்று, சாப்பாடு முடிந்ததும் குடும்பம் மொத்தமும் அத்தை வீட்டில் கூடும். அவள் பெட்டியைத் திறந்து, அந்த வருடத்துக்கு உரியவர்களின் பெயரைக் கூப்பிட்டுச் சுருளைக் கையில் கொடுப்பாள்.

சித்தப்பா போலீஸில் இருந்தவர். அவர் ஓய்வு பெற்ற வருடம் அவருக்கு ஒரு சுருள் வந்தது. கிழிக்கக் கத்தி கேட்டு, பிரித்து, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். தாத்தா பட்டாளத்திலிருந்து எழுதியது. ‘சின்னவனுக்குப் படிப்பு ஏறாது. அவனை ஆடு மேய்க்கப் பழக்கவும்.’ கூடவே ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தது. எல்லோரும் அவர் முகத்தைப் பார்த்தோம். சித்தப்பா பொத்தானை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே சொன்னார். “எங்கய்யா சொன்னது பலிச்சிட்டு. முப்பத்திரெண்டு வருசம் ஸ்டேசன்ல வேற என்னத்த மேய்ச்சேன்?”

அன்றைக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அத்தை மட்டும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரோ எழுதிக் காட்டிய பிறகு, எல்லோரும் நிறுத்தியபின், தனியாகச் சிரித்தாள்.

ஆனால் எல்லாச் சுருளும் அப்படி முடியவில்லை.

சுகந்தி சித்தப்பாவின் மகள், என்னைவிட நான்கு வயது இளையவள். பத்தாம் வகுப்பு முடித்த வருடம் அவளுக்கு ஒரு சுருள் வந்தது. அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது சித்தி அத்தைக்கு எழுதிய கடிதத்திலிருந்து வெட்டிய துண்டு. சித்தப்பாவுக்கு அப்போது வெளியூரில் வேலை. ‘சுகந்திக்கு அம்மை இறங்கிவிட்டது. தலைக்குத் தண்ணீர் விட்டோம்.’ அவ்வளவுதான் இருந்தது. சத்தமாகப் படித்தாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். அவள் துண்டைத் திருப்பிப் பார்த்ததை யாரும் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து சுகந்தி தன் அம்மாவோடு பேசுவதை நிறுத்தினாள். கேட்டதற்குப் பதில் சொல்வாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. ஹாஸ்டலில் சேர்ந்துகொண்டாள். லீவுக்கு வந்தாலும் அறையிலேயே இருப்பாள். வயசுப் பிள்ளை, அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டோம். இரண்டு வருடம் கழித்து ஏதோ சண்டையில்தான் அது வெடித்தது. “என்னையத்தான யாருக்காவது குடுத்துறலாம்னு இருந்தீங்க? இப்ப என்ன பாசம்?”

துண்டின் பின்பக்கத்தில் இருந்தது இதுதான். ‘இதை வைத்துக்கொண்டு இனி என்னால் முடியாது. யாராவது கேட்டால் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.’

சித்தி நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். தான் அப்படி எழுதியதாக அவருக்கு நினைவே இல்லை. எழுதியிருக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யவும் பயம், கையெழுத்து அவருடையதாக இருந்ததே. அத்தைக்குச் செய்தி எழுதிக் காட்டினார்கள். அத்தை அன்று யூனிட்டுக்குப் போகாமல் பெட்டியின் அடியைக் கிளறினாள். யாருக்கும் உரியதில்லை என்று அவள் ஒதுக்கிவைத்த மிச்சத் துண்டுகள் ஒரு பையில் கிடந்தன. அதிலிருந்து ஒன்றை எடுத்துவந்து சுகந்தியின் துண்டோடு சேர்த்து வைத்தாள். வெட்டு பொருந்தியது. பின்பக்கத்தில் அதற்கு மேல் வரியில் இருந்தது: ‘மாடு இந்த ஈத்துக்கும் பால் தரவில்லை.’

“மாட்டுக்கு எப்பிடிட்டி கடுதாசி குடுக்கது? அதான் மிச்சத்துல போட்டேன்” என்றாள் அத்தை. சுகந்தியும் சித்தியும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அத்தையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் கத்தரிக்கோல் இல்லாதது விசித்திரமாக இருந்தது.

இனிமேல் வெட்டமாட்டாள் என்று நினைத்தோம். அவள் வெட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த எல்லாத் துண்டுகளின் பின்பக்கத்திலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருந்தது. காயத்தில் பஞ்சு வைத்து ஒட்டுகிற அதே பிளாஸ்டர். கிழியாமல் இருப்பதற்காக என்று புதிதாகப் பார்த்தவர்கள் நினைத்தார்கள். எங்களுக்குத் தெரியும்.

இதையெல்லாம் நான் சிரித்தும் பயந்தும் வேடிக்கை பார்த்தவள்தான். என்னுடைய தாள் ஒன்று அந்தப் பெட்டிக்குள் போகும்வரை.

ஜெனி பிறந்தபோது நான் இராஜபாளையத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். கணவருக்கு வேலை ஸ்ரீவில்லிபுத்தூரில். சனி ஞாயிறு வந்து போவார். குழந்தை பிறந்து இருபது நாள் இருக்கும். நான் தூங்கவில்லை. அவள் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மூச்சு விடுகிறாளா என்று பார்ப்பேன், விடுகிறாள் என்றதும் அழுவேன். எதற்கு அழுகிறேன் என்று தெரியாது. நான் எம்.எஸ்.சி. படித்தவள். எதையும் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று நம்பியவள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நிறையத் தாய்மாருக்கு வருகிறது, வைத்தியம் உண்டு என்று பிறகுதான் ஒரு டாக்டர் சொன்னார். அப்போது அது என் கெட்ட மனசு என்று மட்டுமே தெரிந்தது.

ஒரு மதியம் அத்தை ஷிஃப்ட் முடிந்து வந்தாள். அம்மா அடுப்படியில் எனக்காகப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாளையும் பென்சிலையும் நீட்டினாள். அந்த வீட்டில் எதைச் சொன்னாலும் அடுப்படிக்குக் கேட்கும். எழுதினால் கேட்காது. நான் எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்து, திருப்பி அடுத்த பக்கமும் எழுதினேன். என்னவெல்லாம் எழுதினேன் என்று நினைவில்லை. ஒரு வரி மட்டும் இன்றுவரை கல்வெட்டு மாதிரி இருக்கிறது.

‘பிறக்காமலே இருந்திருக்கலாம் இவள் என்று தோன்றுகிறது, அத்தை.’

அத்தை இரண்டு பக்கமும் படித்தாள். மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவள் வாயைத் திறந்தபோது என் உயிரே நின்றுவிட்டது. அவள் வாயால் சொன்னால் தெருவுக்கே கேட்குமே.

“ஏம்மா!” என்று அடுப்படியைப் பார்த்துக் கத்தினாள். “இவ தூங்கி எம்புட்டு நாளாச்சு? பிள்ளைய நான் வச்சிருக்கேன். பால் குடுக்கதுக்குத் தவிர இவள ஒருத்தரும் எழுப்பப்பிடாது!”

பிறகு தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்கடுத்த நாற்பது நாளும் ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வந்து, துணித் தூசி ஒட்டிய சேலையை மாற்றிக் குளித்துவிட்டு, ஜெனியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அழுவது கேட்காதே என்று அம்மா கவலைப்பட்டார். அத்தை குழந்தையின் நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டேயிருந்தாள். அழுகை தொடங்குவதற்கு முன்பே அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். நான் தூங்கினேன். பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். அந்தத் தாளைப் பற்றி அவள் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஜெனிக்கு இரண்டு வயதாகும்போதுதான் ஒரு நாள், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கையில், எனக்கு உறைத்தது. அந்த வரி யாரைப் பற்றியது?

அதற்குப் பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் மகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்காமல் இருந்தேன். ஆங்கில எழுத்துகளை மூன்று வயதிலேயே கற்றுக்கொடுத்தேன். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தால், “அதை அப்புறம் பார்ப்போம்” என்று வேறு எதையாவது கையில் கொடுப்பேன். தமிழில் பின்தங்குகிறாள் என்று பள்ளியிலிருந்து டைரியில் எழுதி அனுப்பினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

“ஊர் உலகத்துல தமிழ் வராதுன்னு வருத்தப்படுவாங்க. நீ ஏன் வந்துருமோன்னு பயப்படுத?” என்று கணவர் கேட்டார்.

அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தன் மகளைப் பற்றி அப்படி நினைத்தவள் என்று தெரிந்தால், குழந்தையை என் கையில் விட்டுவிட்டு அவர் நிம்மதியாக வேலைக்குப் போவாரா? அந்த வீட்டில் அந்த வரியை நான் மட்டுமே சுமந்துகொண்டிருந்தேன். ஒவ்வோர் அசனத்துக்கும் அத்தை தாளை நீட்டிக் கேட்பாள். “பிள்ளைக்கு எழுத்து வந்துட்டா?” நான் எழுதுவேன். ‘இன்னும் இல்லை அத்தை.’ கோயிலுக்குப் போய்விட்டு வந்த கையோடு எழுதிய பொய்.

ஆனால் குழந்தைகள் படிப்பதற்கு அம்மாவின் அனுமதி தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஜெனி கடை போர்டைப் பார்த்து, “பா...ல்...கோ...வா” என்றாள். அடுத்த கடையிலும் அதே. அதற்கடுத்த கடையிலும். எங்கள் ஊரில் ஒரே வார்த்தையை இருபது போர்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளைக்கும் வந்துவிடும். பிறகு ‘ஜவுளி’ வந்தது. ‘மருந்து’ வந்தது. அவளுக்கு ஏழு வயது. பஸ்ஸில் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் ஜன்னல் ஷட்டரை இறக்கிவிட்டேன்.

அன்று அத்தை வீட்டில் பெட்டி திறந்து கிடந்தது. அத்தை சுருள்களை வெயில் காட்ட எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். ஜெனி குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, பெயர் மட்டும் எழுதி இன்னும் ஓரம் தைக்காத ஒன்றில் நின்றாள். “ஜெ...னி. அம்மா! எம் பேரு!”

அத்தைக்குக் கேட்காது என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்தேன். ஆனால் அவள் குழந்தையின் விரல் எழுத்தெழுத்தாக நகர்வதையும் உதடு அசைவதையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வாசிக்காளே!” என்று கத்தினாள். “நீ வரலைன்னுல்லா எழுதுன?”

அவள் இடுப்பிலிருந்த தாளை நானே உருவி எழுதினேன். ‘ஜெனி பிறந்தபோது நான் எழுதிய தாளை என்னிடம் தந்துவிடுங்கள் அத்தை. கெஞ்சிக் கேட்கிறேன்.’

அவள் படித்தாள். என்னைப் பார்த்தாள். குரலைத் தணிக்க முயன்றாள் என்று நினைக்கிறேன். அது அவளால் முடியாத காரியம். “அது யாரப் பத்தி எழுதுனது? அத மட்டும் நீயே எழுதிக் காட்டு. அவுககிட்ட குடுத்துருதேன்.”

பென்சில் என் கையில் இருந்தது. ‘என்னைப் பற்றி’ என்று எழுதியிருந்தால் அப்போதே எடுத்துக் கொடுத்திருப்பாள். எழுத வரவில்லை. அது இன்னொரு பொய்யாகத் தோன்றியது. இவள் என்று எழுதியிருக்கிறேனே. அந்த இவள் என் எதிரே குத்தவைத்து உட்கார்ந்து தன் பெயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கிறாளே.

அத்தை பென்சிலை வாங்கிக்கொண்டாள். “சரி. அடுத்த அசனத்துக்குக் குடுத்துருவோம்.”

அடுத்த அசனத்துக்கு அவள் இல்லை. ஐப்பசி மழையில் நாலு நாள் காய்ச்சலாகக் கிடந்து போய்விட்டாள். அடக்கத்தின்போது நான் மிகவும் அழுதேன். அதில் எவ்வளவு துக்கம், எவ்வளவு பயம் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இனி அந்தப் பெட்டி என்ன ஆகும் என்று அழுகைக்கு நடுவிலேயே நினைத்தேன். இதை நினைத்து இப்போதும் கூசுகிறேன்.

மூன்றாம் நாள் வீட்டைக் கழுவப் பெண்கள் போனோம். பெட்டிச் சாவி ஆணியில் தொங்கியது. சித்தியும் அம்மாவும் பின்புறம் பாய் அலசிக்கொண்டிருந்தார்கள். நான் திறந்தேன். ஜெனியின் சுருள் மேலேயே இருந்தது. கையில் எடுத்தேன். மிகவும் இலேசாக இருந்தது. ஜாக்கெட்டுக்குள் வைத்தால் தெரியாது. அதன் ஓரத்தில் அத்தை போட்ட தையல் நெருக்க நெருக்கமாக இருந்தது. யூனிட்டில் தைத்துத் தைத்துப் பழகிய கை. என் குழந்தையின் நெஞ்சின்மேல் நாற்பது நாள் இருந்த கை. நான் சுருளைத் திரும்ப வைத்துப் பெட்டியைப் பூட்டினேன். நல்லவள் என்பதால் இல்லை. திருடிவிட்டு, ‘எம் பேரு போட்டது எங்கம்மா?’ என்று ஜெனி கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தால்.

அசனத்தன்று கோயில் வளாகத்தில் சோறும் கறிக்குழம்பும் போட்டார்கள். எனக்கு இறங்கவில்லை. மதியம் எல்லோரும் அத்தை வீட்டுக்குப் போனோம். சித்தப்பா பெட்டியைத் திறந்தார். அந்த வருடத்துக்கு உரியவை என்று மேல் தட்டில் இரண்டே சுருள்கள் இருந்தன. முதலாவதில் ஜெனி என்று இருந்தது. இரண்டாவதில் என் பெயர்.

“படி தாயி, சத்தமா படி. மேல போன உங்க பெரியாச்சிக்கே கேக்கணும்” என்றார் சித்தப்பா.

சித்தி தையலைப் பிரித்துக் கொடுத்தார். உள்ளே ஆஸ்பத்திரியில் குழந்தையின் கையில் கட்டுகிற டேக் இருந்தது. அதில் ‘பேபி ஆஃப்’ என்று போட்டு என் பெயர்தான் எழுதியிருந்தது. அவளுக்கு அப்போது பெயர் வைத்திருக்கவில்லை. அதோடு பென்சிலால் எழுதிய ஒரு துண்டு, விரலளவு அகலம். பின்பக்கம் வெள்ளைப் பிளாஸ்டர். நான் ஜெனிக்குப் பின்னால் நின்றேன். பிடுங்கிவிடலாம் என்று கை நீண்டது. பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பா...ல் குடி...க்கும்...போது” என்றாள். நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். “என்... சுண்டு விர...லைப் பிடி...த்துக்... கொள்கிறாள். விட... மாட்டேன்... என்கிறாள்.”

அவ்வளவுதான்.

எல்லோரும் கைதட்டினார்கள். சுகந்தி ஓடிவந்து ஜெனியைத் தூக்கிச் சுற்றினாள். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் கண் நனைந்திருந்தது. அந்த வரியை நான் எழுதினேனா? அந்த இருட்டில் அப்படி ஒரு வரியை எழுத எனக்கு எப்படி வந்தது? கையெழுத்து என்னுடையதுதான். ஏழு வருடமாக ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, இதைத் தொலைத்திருந்தேன்.

என் சுருளை நான் அங்கே பிரிக்கவில்லை. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூரில், ஜெனி பள்ளிக்கும் அவர் வேலைக்கும் போனபின், சமையலறையில் வைத்துப் பிரித்தேன். அத்தையின் முடிவு எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். விரலைப் பிடித்தது மட்டும்தான் ஜெனியைப் பற்றியது, மற்றதெல்லாம் என்னைப் பற்றியது, ஆகவே எனக்கு. அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டுதான் தாளை விரித்தேன். அந்த வரியைக் கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு எரித்துவிடலாம் என்று.

தாளின் நடுவில் விரலளவுக்கு ஒரு நீளமான சந்து இருந்தது. ஒரு பக்கத்தைப் படித்தேன். தூக்கமில்லை, தையல் வலிக்கிறது, அம்மாவிடம் சொல்லப் பயமாக இருக்கிறது. திருப்பிப் படித்தேன். அந்த வரி இல்லை. முதலிலிருந்து படித்தேன். இல்லை. சந்துக்கு மேல் வரியில், ‘இதை யாரிடமும் சொல்ல முடியாது’ என்று இருந்தது. கீழ் வரியில், ‘நான் கெட்டவளா அத்தை?’ என்று இருந்தது. அந்தச் சந்துக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டு வரிகளும் ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக இருந்திருக்கின்றன. ஒன்றை வெட்டினால் மற்றது கூடவே போகும். அது இப்போது என் மகளின் ஜியாமெட்ரி பாக்ஸில், பிளாஸ்டருக்கு அடியில் இருக்கிறது.

அடுப்பை அணைத்தேன்.

அத்தை பார்க்காமல் வெட்டியிருப்பாளா? சுகந்தி விஷயத்துக்குப் பிறகு அவள் இரண்டு பக்கமும் பார்க்காமல் கத்தரி வைப்பதில்லை. அப்படியானால் தெரிந்தேதான் வெட்டினாள். நான் எழுதிக் காட்டியிருந்தால் தாள் முழுதாக எனக்கு வந்திருக்கும். நான் எழுதாததால் அவளே ஒரு தீர்ப்புச் சொல்லியிருக்கிறாளா? அல்லது அந்த நல்ல வரியைக் குழந்தைக்குக் கொடுக்க வேறு வழியில்லாமல் செய்தாளா? கேட்க அத்தை இல்லை. எழுதிக் காட்டத் தாள் நீட்ட யாரும் இல்லை.

துண்டை எடுத்துக் கிழித்துவிட எனக்குத் தினமும் வாய்ப்பு இருந்தது. ஜெனி அதைப் பள்ளிக்குக் கொண்டுபோய்த் தோழிகளிடம் காட்டினாள். தலையணைக்கு அடியில் வைத்தாள். நான் பிளாஸ்டரை மட்டும் பார்த்துக்கொண்டேயிருந்தேன். வியர்வையிலும் கைபட்டும் அதன் ஓரம் மெல்ல அழுக்காகிக்கொண்டிருந்தது.

போன வாரம் பள்ளிவிட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் என்னிடம் நீட்டினாள்.

“அம்மா, ஓரத்துல பிஞ்சு வருது. உள்ள என்னமோ எழுதியிருக்கு. பி தெரியுது பாருங்க.”

பி தெரிந்தது. என் கையெழுத்தில், அழுத்தி எழுதிய பி.

“அது நான் எழுதினதுதான்” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“என்னையப் பத்தியா?”

அத்தை கேட்ட அதே கேள்வி. இந்தமுறை கையில் பென்சில் இல்லை. நான் குனிந்து அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். எனக்கு வந்த பதில் இத்தனை வருடமாகத் தேடியதாகத் தோன்றவில்லை. ஆனால் அந்தத் தாளின் மிச்ச வரிகளையெல்லாம் படித்தபின் அது பொய்யாகவும் தோன்றவில்லை.

“இல்லடா. என்னையப் பத்தி. அப்போ எனக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சு. ரொம்பப் பயந்துபோயி எழுதினேன்.”

“படிக்கலாமா?”

“நான்தான் படிச்சுக் காட்டணும். நீ இன்னும் கொஞ்சம் பெரியவளாகணும்.”

“கட்டாயம் காட்டுவீங்களா?”

இல்லை என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. “காட்டுதேன்” என்றேன்.

அவள் யோசித்தாள். அத்தையின் கணக்கு எங்கள் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். “அப்போ முன்பக்கம் எனக்கு. பின்பக்கம் உங்களுக்கு” என்றாள்.

மெடிக்கல் ஷாப்பில் நான் முன்பே வாங்கி ஒளித்துவைத்திருந்த பிளாஸ்டரை எடுத்தேன். பழையதன் மேலேயே புதிதாக வெட்டி ஒட்டினேன். கோணலாகப் போனது. ஜெனி அதைத் தரையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள். பிறகு பையிலிருந்து பேனாவை எடுத்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, வெள்ளைப் பிளாஸ்டரின் மேல் ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள்.

அம்மா.